பெயரிடும் உரிமை

மாந்தனை அடிமை கொள்ள அவன் கைகளுக்கு விலங்கு பூட்ட வேண்டுவதில்லை. எதை எப்பெயரால் அவன் அழைக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமையைப் பிறரொருவர் கைப்பற்றிக்கொண்டால் போதும். எஞ்சிய வேலையை அவன் நாவே செய்து முடித்துவிடும். இவ்வுண்மையை வல்லாண்மையாளர் நன்கறிவர்; பெருவணிகரும் நன்கறிவர். அறியாதிருப்போர், "மொழி வெறுங்கருவிதானே! கருத்து விளங்கினால் போதாதா? எச்சொல்லால் சொன்னால் என்ன?" என்று வினவித் திரியும் படித்த தமிழரே. மொழி கருவிதான், அதனை மறுப்பார் இலர். ஆயின், கருவிக்கேற்பவே காட்சியும் அமைகின்றது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ஒரே பாறையில் உளி ஏந்தியவன் சிலையைக் காண்கின்றான். சம்மட்டி ஏந்தியவன் சல்லியைக் காண்கின்றான். அவ்வாறே ஒவ்வொரு மொழியும் தன் மக்களுக்குச் சிலவற்றை எளிதாகவும் சிலவற்றை அரிதாகவும் காட்டி நிற்கின்றது.

இப்பொருள்பற்றி மிகைக்கூற்றுகளும் உலவுகின்றன. அவற்றை முதற்கண் விலக்கிவிடுதல் நேர்மையாகும். அமெரிக்க நாட்டின் பெஞ்சமின் லீ வோர்ப்பு என்பார், தீக்காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே மொழியாய்வு செய்தவர். அமெரிக்கப் பழங்குடியினரான ஓப்பி மக்களின் மொழியில், ஐரோப்பியர் அறிந்தவாறு காலத்தைக் குறிக்கும் சொல்லோ இலக்கண வடிவமோ இல்லை என்றும், அதனால் அவர்தம் காலவுணர்வே வேறு என்றும் அவர் எழுதினார். பன்னெடுங்காலம் அக்கூற்று பலராலும் எடுத்தாளப்பட்டது. 1983-ஆம் ஆண்டில் எக்கார்ட்டு மலோத்கி என்னும் அறிஞர், ஓப்பி மொழியில் காலங்குறிக்கும் சொற்களையும் தொடர்களையும் ஒரு பெருநூலாகவே தொகுத்து வெளியிட்டார். வோர்ப்பின் கூற்று அத்துடன் வீழ்ந்தது. ஒரு மொழியில் ஒரு சொல் இல்லையெனில் அம்மக்களுக்கு அவ்வெண்ணமே தோன்றாது என்பது பிழை. வலிமையான உண்மை ஒன்று கையிலிருக்க, வலுவற்ற பொய்யைத் துணைக்கு அழைப்பானேன்?

அவ்வுண்மை யாது? ஆத்திரேலியாவின் வடகிழக்கில் கூகு இமிதிர் என்னும் மொழியைப் பேசும் தொல்குடியினர் வாழ்கின்றனர். கங்காரு என்னும் சொல்லை 1770-இல் ஆங்கிலக் கப்பலோட்டிகளுக்குத் தந்தது அவர்தம் மொழியே. அவர்கள் ஒரு பொருள் இருக்குமிடத்தைச் சொல்லுங்கால் வலம் இடம் என்று சொல்வதில்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்றே சொல்வர். அவ்வாறு பேச வேண்டுமாயின், இருக்கும்போதும் நடக்கும்போதும் வீட்டினுள்ளும் காட்டினுள்ளும் திசையுணர்வு விழித்தேயிருத்தல் வேண்டும். அங்ஙனமே அது விழித்திருப்பதை ஆய்வாளர் கண்டு பதிந்துள்ளனர். மொழி அவர்களிடம் ஒரு வரி தண்டுகின்றது. அவ்வரி அவர்களுக்கு ஓர் ஆற்றலாகத் திரும்பி வருகின்றது.

இன்னொரு சான்று உருசிய மொழியினின்று கிடைக்கின்றது. ஆங்கிலம் ஒரே பெயரால் குறிக்கும் நீலத்தை உருசியர் வெளிர்நீலம், கருநீலம் என இருவேறு அடிப்படைச் சொற்களால் பிரித்து வழங்குவர். 2007-இல் வெளியான ஆய்வொன்றில், இருவேறு பெயர்க்குரிய நீலங்களை, ஒரே பெயர்க்குரிய நீலங்களைக் காட்டிலும் விரைவாக உருசியர் பிரித்தறிந்தனர். ஆங்கிலேயரிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. இனி, ஓர் எண்வரிசையை மனத்துள் சொல்லிக்கொண்டே நிறங்களைப் பார்க்குமாறு பணித்தபோது, உருசியரின் அவ்விரைவும் மறைந்தது. அஃதாவது, சொல் வேறு வேலையில் ஈடுபட்டவுடன் கண்ணுக்குக் கிடைத்துவந்த துணை நின்றுபோயிற்று. கண் காணும் அந்நொடியிலும் மொழி உடனிருந்து கைகொடுக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இவற்றால் துணியப்படுவது ஒன்றுண்டு. மொழி எண்ணத்துக்கு இட்ட தடம். தடமில்லாக் காட்டிலும் வலியவன் நடக்கலாம்; ஆயினும் நாளும் நடப்போர் தடம் பற்றியே நடப்பர். ஆதலின், எண்ணிப் பார்க்க வேண்டிய வினா, அத்தடத்தை யார் இடுகின்றனர் என்பதேயாகும்.

1933-இல் செருமனியில் ஆட்சியைப் பிடித்த இட்லரின் நாட்சிக் கட்சி இவ்வினாவின் விடையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அவ்வாட்சி மொழிக்குச் செய்த கொடுமையை நாள்தோறும் குறித்து வைத்தவர், திரெசுடன் நகரில் பேராசிரியராக இருந்த விக்தர் கிளெம்பெரர். யூதக் குடியிற் பிறந்தவர் என்பதால் 1935-இல் பணி பறிக்கப்பட்டார். பின்னர் வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டார். ஆலையில் கட்டாய வேலையும் செய்தார். பிடிபட்டால் உயிர் போகும் என்றறிந்தும் நாட்குறிப்பு எழுதுவதை அவர் விட்டாரில்லை. அக்குறிப்புகளினின்று விளைந்த நூல் 1947-இல் வெளிவந்தது. மேடைப் பேச்சும் சுவரொட்டியும் ஆற்றிய வேலையைக் காட்டிலும், ஆயிரம் முறை திரும்பத் திரும்ப வழங்கப்பட்ட சின்னஞ்சிறு சொற்கள் ஆற்றிய வேலையே பெரிது என்பது அந்நூலின் உள்ளீடு. வெறியன் என்பது அதற்குமுன் செருமன் மொழியில் பழிச்சொல். அவ்வாட்சியிலோ அது புகழ்ச்சொல்லாயிற்று. வெறிகொண்ட பற்று, வெறிகொண்ட உழைப்பு என இதழ்கள் பாராட்டி எழுதின. பழிச்சொல் புகழ்ச்சொல்லாகிவிட்ட பின்னர், வெறியைப் பழிக்க விரும்புவோனுக்குச் சொல்லே இல்லாமற் போயிற்று.

கொலைக்கும் அவர்கள் பெயர் மாற்றினர். 'தனிநடத்தம்' என்று பொருள்படும் ஒரு சொல் அலுவலகத் தாள்களில் கொலையைக் குறித்தது. அச்சொல்லின் மறைபொருள் மெல்ல வெளியில் கசிந்தது. 1943-இல் யூதர் தொகை குறித்து உருவாக்கப்பட்ட அறிக்கையில் அச்சொல்லும் இடம்பெறலாகாது என்று இம்லரின் அலுவலகம் ஆணையிட்டது. மூடிக்கும் ஒரு மூடி வேண்டியதாயிற்று! கொலையை அஞ்சாதவர் சொல்லை அஞ்சினர். உண்மைப் பெயர் எத்துணை ஆற்றல் உடையதென்பதை, அதனை ஒளிக்க அவர் பட்ட பாடே காட்டுகின்றது.

தூய்மை விரும்புவோர் இங்கே ஊன்றிக் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. செருமன் மொழியினின்று அயற்சொற்களைக் களைய முனைந்த மொழிக்கழகம் ஒன்று 1885-இலேயே தோன்றியிருந்தது. அது நாட்சி ஆட்சியைத் தன் நண்பன் என நம்பி வரவேற்றது. ஆயின் 1940-இல், அயற்சொற்களை வலிந்து செருமனாக்கும் முயற்சியைத் தலைவர் விரும்பவில்லை என்று ஆணை வெளியாயிற்று. வியப்பென்ன? மக்களுக்கு எளிதில் வேர் விளங்காத இலத்தீன் வழிச்சொற்கள் அவ்வாட்சிக்கு நல்ல திரைகளாகப் பயன்பட்டன. அதே வேளையில், கொலையைக் குறித்த 'தனிநடத்தம்' முழுக்க முழுக்கச் செருமன் வேர்களாலான சொல்லே என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆக, பாடங்கள் இரண்டு. விளங்காத அயற்சொல் ஆள்வோனுக்குத் திரை, இது முதற்பாடம். தூய சொல்லும் பொய் சொல்லக் கூடும். இஃது இரண்டாம் பாடம். தூய்மையோடு வாய்மையும் சேர்ந்தாலன்றி மொழிப்பற்று மக்களைக் காவாது. வாய்மையில்லாத் தூய்மை, துலக்கிய செம்பில் வைத்த நஞ்சு.

இங்கிலாந்தின் ஆர்வெல், பீகாரில் பிறந்து பருமாவில் காவல் அலுவலராயிருந்து பேரரசின் அகத்தை அறிந்தவர். 1941 முதல் 1943 வரை பிரித்தானிய வானொலியில் இந்தியாவுக்கான ஒலிபரப்பிலும் பணியாற்றினார். காப்பற்ற சிற்றூர்களின்மீது குண்டு வீசுவதற்கு 'அமைதிப்படுத்தல்' என்று பெயரிடும் அரசியலை 1946-இல் தம் கட்டுரையொன்றில் அவர் தோலுரித்தார். 1949-இல் வந்த அவரது புதினத்தில், ஆண்டுதோறும் சொற்றொகையைக் குறைத்துக்கொண்டே போகும் ஓர் அரசு வருகின்றது. எதிர்ப்பதற்குச் சொல் இல்லையேல் எதிர்ப்பே முளைக்காது என்பது அவ்வரசின் கணக்கு.

அது கற்பனை, கற்பனையல்லாததும் ஒன்றுண்டு. 1930-இல் ஆக்டன் என்பார் 850 சொற்களைக்கொண்ட 'அடிப்படை ஆங்கிலம்' ஒன்றை வகுத்து, உலகுக்கெல்லாம் உதவும் துணைமொழி என முன்வைத்தார். 1943-இல் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பேசிய பிரித்தானியத் தலைமை அமைச்சர் சர்ச்சில் அத்திட்டத்தைப் போற்றினார். பிறர் நிலத்தைப் பறிப்பதினும் இத்தகைய திட்டங்களே மிகுந்த பயன் தருவன என்றும், வருங்காலப் பேரரசுகள் உள்ளத்தின்மீது அமையும் பேரரசுகளே என்றும் அவர் அங்கு எடுத்துரைத்தார். நிலப்பேரரசு கையைவிட்டு நழுவுங் காலத்தை முன்னுணர்ந்த ஒருவர் வாயினின்று வந்த சொல் அது. ஆங்கிலம் வெறுங்கருவியே என்று வாதிடும் தமிழர், அக்கருவியின் உடையவர் அதனை எவ்வாறு கருதினர் என்பதை இங்கே உய்த்துணர்க.

பேரரசு கப்பலேறிச் சென்ற காலம் போயிற்று. இன்று அது பொறியேறி வருகின்றது. கணிப்பொறியின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல சான்றுண்டு. 1950-களில் அமெரிக்காவில், எண்களாலும் குறிகளாலும் மட்டுமே பொறிக்கு ஆணையிட்டு வந்த காலத்தில், கிரேசு ஆப்பர் என்னும் அம்மையார் ஆங்கிலச் சொற்களால் ஆணையிடும் நிரலமைப்பை உருவாக்க முனைந்தார். பொறிக்கு ஆங்கிலம் விளங்காது என்று மேலாளர்கள் மறுத்தனர். விளங்குமெனக் காட்டியபின், அம்மையார் அதே ஆணைகளைப் பிரெஞ்சிலும் செருமனிலும் எழுதிக் காட்டினார். மேலாளர்கள் திகைத்தனர்; அமெரிக்கப் பொறி அயல்மொழியை அறிவதெங்ஙனம் என்று அதனை ஒதுக்கினர். பொறிக்கோ ஆங்கிலமும் ஒன்றே, பிரெஞ்சும் ஒன்றே. இரண்டும் அதற்கு மின்துடிப்புகளின் வரிசைகளே. ஆங்கிலந்தான் கணிப்பொறியின் மொழி என்னும் நம்பிக்கை பொறியின் இயல்பினின்று பிறந்ததன்று. மேலாளர் மேசையினின்று பிறந்தது.

நிரல்மொழி எண்ணத்தை எவ்வாறு வடிக்கின்றது என்பதற்கு, அதனை ஆக்கியவரே சான்று பகர்ந்துள்ளார். 1957-இல் வெளிவந்த போர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் சான் பேக்கசு. கணிப்பொறித் துறையின் தலையாய பரிசாகிய தூரிங் பரிசை 1977-இல் பெற்றபோது, தம் போர்ட்ரானையும் உள்ளிட்ட நிரல்மொழிகளையே அவர் குறை கூறினார். அக்காலப் பொறியில் நினைவகம் ஒருபுறம், கணிக்கும் பகுதி மறுபுறம். இடையே ஒரு சிறு வாய்க்கால். அவ்வாய்க்கால் வழியே எண்கள் ஒவ்வொன்றாகவே செல்லும். நிரல்மொழிகளும் அப்பொறியைப் போலவே அமைந்தமையால், நிரலரின் எண்ணமும் அவ்வாய்க்கால் அளவுக்குக் குறுகிவிட்டது என்பது அவர் முறையீடு. நூறு எண்களைக் கூட்டுக என ஒரே சொல்லில் எண்ண வேண்டியவன், முதல் எண்ணை எடு, வை, அடுத்ததை எடு, சேர் என்று கூலியாள்போல் எண்ணப் பழகினான். பொறியின் முடக்கம் மொழியின் முடக்கமாகி, மொழியின் முடக்கம் உள்ளத்தின் முடக்கமாயிற்று. இதன்பின்னும் மொழி வெறுங்கருவியே என்பாரை என்னென்பது?

உருசியர் இதனை உணர்ந்தே செயற்பட்டனர். நிரலெழுதுதல் மக்களின் இரண்டாம் எழுத்தறிவு என 1981-இல் முழங்கிய அறிஞர் ஆந்திரேய் எர்சோவ், 1985-இல் பள்ளிகளில் கணிப்பொறிப் பாடம் புகுந்தபோது உருசியச் சொற்களாலான நிரல்மொழியையே மாணவர்க்கு வகுத்தளித்தார். இன்றும் அந்நாட்டு வணிகக் கணக்குகளுக்குப் பெரிதும் பயன்படும் '1சி' என்னும் தொகுதியில் உருசியச் சொற்களால் நிரல் எழுதப்படுகின்றது. அதனால் அங்கே பொறி எதுவும் இயங்க மறுக்கவில்லை.

தமிழின் நிலை யாது? உலகப் பொறிகள் அனைத்திலும் தமிழெழுத்தைத் தாங்கி நிற்பது ஒருங்குறி. 1988-இல் இந்திய அரசின் மின்னணுத் துறை வகுத்த அமைப்பைப் பின்பற்றி, 1991-இல் அதனுள் தமிழ் இடம்பெற்றது. இந்திய எழுத்துகள் அனைத்தையும் தேவநாகரிக்கு நேர்நிறுத்தி வகுத்த அமைப்பு அது. ஆகவே, தமிழுக்குரிய கட்டங்களில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று வெற்றிடங்கள் உள்ளன. அவை தமிழுக்குத் தேவையற்ற வடவெழுத்துகள் மூன்று அமர்ந்திருக்க வேண்டிய இருக்கைகள்! தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் னகரம், நகரத்தை அடுத்துப் பகரத்துக்கு முன்னே வந்து நிற்கின்றது. பொறியின் எண்வரிசைப்படியே அகரமுதலியை அடுக்கினால் தமிழ் முறை குலையும். தமிழ்முறைப்படி அடுக்கத் தனி நிரல் வேண்டும்.

அதனினும் ஆழமானது எழுத்தெண்ணிக்கை. மெய்யெழுத்து இயல்பாகவே புள்ளி பெற்றது என்பதும், மெய்யோடு உயிர் சேர உயிர்மெய் பிறக்கும் என்பதும் தொல்காப்பிய நெறி. ஒருங்குறியிலோ ககரம் அடிப்படை. அதனோடு புள்ளியைத் தனிக்குறியாகச் சேர்த்தால்தான் ககரமெய். விளைவு யாது? 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்று முதல் வகுப்புக் குழந்தை சொல்லும். பொறி, குறிகளை எண்ணி, ஐந்து என்று சொல்லும். பெயர்களோ இன்னும் கொடியன. புள்ளிக்கு ஒருங்குறி இட்ட பெயர் 'விராமம்'. ஆய்தத்துக்கு இட்ட பெயர் 'விசர்கம்'. ஆய்தம் என்பது அங்கே ஒரு துணைக்குறிப்பு மட்டுமே. தமிழில் வழங்காத 'அனுசுவாரம்' ஒன்றும் தமிழ்க்குறி என்னும் பெயரோடு வீற்றிருக்கின்றது. ஒருமுறை இட்ட பெயரை எக்காலத்தும் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதியான விதி. பெயரிடுங் காலத்தில் உறங்கிக் கிடந்த இனம், பின்னர் எத்துணை விழித்தாலும் அப்பெயரோடுதான் வாழ வேண்டும் என்பதற்கு இஃதொன்றே போதாதா?

ஒருங்குறியால் தமிழ் பெற்ற நன்மை பெரிது. அதனை மறுத்தல் நன்றி மறத்தலாகும். இன்று உலகின் எம்மூலையிலும் தமிழெழுத்தைப் படிக்க முடிவது அதனாலேயே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியிடம் தரும் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தை, ஒருங்குறிக்கு மாற்றாகத் தமிழக அரசு 2010-இல் ஏற்பிசைவு செய்ததும் உண்மை. ஆனால் அதற்குள் உலகப் பொறிகளெல்லாம் ஒருங்குறித் தடத்தில் நெடுந்தொலைவு சென்றுவிட்டன. மருந்து நல்லதே, நேரந்தான் தவறிற்று.

நேரந் தவறாமற் செய்தவர்களைக் காண்க. நான்கு இலக்கத்துக்கும் குறைந்த மக்களை உடைய ஐசுலாந்து, கணிப்பொறிக்கு எண்ணையும் குறிசொல்லும் மூதாட்டியையும் குறிக்கும் தன் பழஞ்சொற்களை இணைத்துப் புதுப்பெயர் படைத்தது. பின்லாந்து 'அறிவுப்பொறி' என்றது. பிரெஞ்சு நாட்டில், 1955-இல் அமெரிக்கப் பொறிநிறுவனமே மொழிப் பேராசிரியர் ஒருவரை அணுகிப் பெயர் வேண்டிப் பெற்றது. தமிழும் இவ்வரிசையில் தலைகுனிய வேண்டியதில்லை. கணினி, இணையம், மின்னஞ்சல் ஆகிய சொற்களை எள்ளி நகையாடியவர் பிள்ளைகளே இன்று அவற்றை இயல்பாக வழங்குகின்றனர். எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் பிறந்துள்ளது. அதில் கட்டளைச் சொற்கள் தமிழ். அதனினும் சிறப்பாக, தொடரமைப்பும் தமிழ். ஆங்கில வழி நிரல்மொழிகளில் 'ஆனால்' என்பதற்குரிய சொல் முன்னே நிற்கும்; எழிலில் கட்டுப்பாடு முன்னே வர, 'ஆனால்' பின்னே நிற்கின்றது. "எண் பத்தானால்" என்று தமிழ்க்குழந்தை எவ்வரிசையில் எண்ணுமோ அவ்வரிசையிலேயே ஆணையும் அமைகின்றது. நிரலின் நடையறிவைக் கற்கும் தொடக்க நாளில், அயல்மொழியின் சுமை குழந்தையின் தலைமேல் ஏறாமல் இறங்கிவிடுகின்றது.

இப்போது புதிய கதவொன்று திறந்துள்ளது. கேட்டால் விடை எழுதும் பொறிகள், படித்த நூற்குவியல் எதுவோ அதன் வழியே எழுதுகின்றன. அக்குவியலில் ஆங்கிலமே பெரும்பகுதி. தமிழில் ஆழமான எழுத்து குறைந்திருக்குமாயின், அப்பொறிகள் ஆங்கில எண்ணத்துக்குத் தமிழ்த்துணி போர்த்தித் தரும். நாளைய மாணவன் அதனையே தமிழென்று கற்பான். இதனைத் தடுப்பது கூக்குரலன்று, எழுத்து. அறிவியலும் சட்டமும் மருத்துவமும் கணக்கும் நல்ல தமிழில், விளங்கும் தமிழில், வாய்மையான தமிழில் எழுதப்பட வேண்டும்.

ஆதலின், தமிழ்ப்பற்றுடையோர் முன் நிற்கும் பணி தெளிவானது. பொருள் புதிதாகத் தோன்றும் அன்றே அதற்குத் தமிழ்ப்பெயர் சூட்டுக. பத்தாண்டு கழித்துச் சூட்டும் பெயர் அகரமுதலியில் உறங்கும். சூட்டும் பெயர் உழவனுக்கும் வேர் விளங்குமாறு அமைக. விளங்காத தமிழ்ச்சொல்லும் மற்றொரு திரையே. தமிழ்க்குழந்தையின் முதல் நிரல் தமிழில் அமைக. உலகத் தரங்களை வகுக்கும் அவைகளில், முடிவு எழுதப்படுமுன் தமிழறிஞர் சென்று அமர்க. தமிழ்ச்சொல்லைக் கொண்டே எவரேனும் பொய்யுரைப்பாராயின், அவர் தமிழரேயாயினும், அப்பொய்யை அதன் உண்மைப் பெயரால் அழைக்கும் துணிவு கொள்க. பெயரிடும் உரிமையை எவரும் இரந்து பெற்றதில்லை. பெயரிட்டவரே அதனைப் பெற்றனர்.